போகிற டாக்டரும் இருக்கிற டாக்டரும்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே சுமார் 400 பேர் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்களில் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குள் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 69 விழுக்காடு இடஒதுக்கீடு இந்த 7.5-க்குள்ளும் பொருந்தும் என்பதால் பறையர், பள்ளர், அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் அந்த அணியில் உண்டு. நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் காலத்தையும் முடித்து அவர்கள் வெளியே வரும் காலம் இது.

வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் ஊர் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. "என்ன தம்பி, இங்கேயே இருக்கப் போறியா, லண்டன் கிண்டன் போகப் போறியா?" கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு. கேட்கப்படுகிறவருக்கு அப்படி அல்ல. போகிறேன் என்றால், "அரசாங்கக் காசில், சலுகையில் படித்துவிட்டு வெள்ளைக்காரனுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறான்" என்பார்கள். இருக்கிறேன் என்றால், "அவ்வளவுதான் முடியும்போல" என்பார்கள். இரண்டு பேச்சிலும் சாதி ஒளிந்திருக்கிறது. ஆகவே போவது யார், இருப்பது யார், ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பழைய ஆய்வு சொல்வது

டெல்லி எய்ம்ஸ் இந்தியாவின் முதல் வரிசை மருத்துவக் கல்லூரி. அங்கே படிப்பு ஏறக்குறைய இலவசம். 1989 முதல் 2000 வரை அங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்த ஆய்வு ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2008-ல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் இந்தியாவுக்கு வெளியே இருந்தார்கள். பாதிக்கு மேல்!

அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பொதுப் பிரிவில் சேர்ந்தவர்கள் அமெரிக்காவில் வாழ்வதற்கான வாய்ப்பு, இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களைப் போல இருமடங்கு. பரிசுகளும் பதக்கங்களும் அதிகம் வாங்கியவர்கள்தான் அதிகமாகக் கிளம்பினார்கள்.

இடஒதுக்கீட்டால் மருத்துவத்தின் தரம் போய்விட்டது என்று ஒவ்வொரு கலந்தாய்வுக் காலத்திலும் எழுதுகிறவர்கள் இந்த எண்களைப் பற்றிப் பேசுவதில்லை. "தகுதி", "திறமை" என்ற பெயரில் உள்ளே வந்தவர்களில் பெரும்பகுதியினர் விமானம் ஏறியபோது, இங்கே நோயாளிக்கு முன்னால் நின்றவர்களில் "கோட்டா" என்று கேலி செய்யப்பட்டவர்கள் கூடுதல் பங்கினர். நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தவர் யார் என்ற கணக்கை எடுத்தால் இந்தப் பக்கமும் எழுதப்பட வேண்டும்.

அதே நேரம் இந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் பெருமைப்பட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. எண்ணிக்கை காரணம் சொல்லாது. நம் பிள்ளைகள் இங்கே இருந்தது மக்கள் மேல் வைத்த பற்றினாலா, அல்லது போவதற்கு வழி இல்லாததாலா? இரண்டும்தான் என்று சொன்னால் பாதி உண்மை. எது எவ்வளவு என்று பார்த்தால்தான் முழு உண்மை வரும்.

போவதற்கு என்ன ஆகும்?

அமெரிக்காவுக்குப் போக யு.எஸ்.எம்.எல்.இ. எழுத வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம் மட்டுமே ஆயிரம் டாலரைத் தொடும் அல்லது தாண்டும். நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கு மேல். தேர்வு எழுதினால் போதாது. அங்கேயுள்ள மருத்துவமனையில் சில மாதம் சொந்தச் செலவில் தங்கி, அங்குள்ள மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். பிறகு பல மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பணம். கடைசியில் இடம் கிடைக்காமலும் போகலாம்.

பிரிட்டனுக்கு பிளாப் தேர்வு. ஆங்கிலத் தேர்வு தனி. பிளாப் இரண்டாம் பகுதியை மான்செஸ்டர் நகரத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் கைக்காசு. முன்பெல்லாம் தேர்வில் தேறினால் வேலை கிடைத்துவிடும். அண்மை ஆண்டுகளில் தேறிய பிறகும் மாதக்கணக்கில் அங்கே வேலைக்குக் காத்திருப்பவர்கள் நிறைய. ஜெர்மனி என்றால் முதலில் அந்த மொழியை நோயாளியிடம் பேசும் அளவுக்குக் கற்க வேண்டும். அதற்கு ஓராண்டாவது வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் அப்பா நகரத்தில் நர்சிங் ஹோம் வைத்திருக்கிறார், சித்தப்பா நியூ ஜெர்சியில் இருக்கிறார். இன்னொருவரின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், அப்பா கரும்பு வெட்டப் போகிறார். முதலாமவர் இரண்டாம் ஆண்டிலேயே யு.எஸ்.எம்.எல்.இ. புத்தகத்தைத் திறந்துவிட்டார். எந்தத் தேர்வை எப்போது எழுதுவது, எந்த ஊரில் தங்குவது, யாரைப் பார்ப்பது என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. இரண்டாமவர் அந்தத் தேர்வின் பெயரைக் கேள்விப்படுவதே இறுதியாண்டு விடுதி அறையில்தான். அதற்குள் ஓட்டம் பாதி முடிந்திருக்கும்.

கடன் வாங்கலாமே என்பார்கள். கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி சொத்துப் பிணை கேட்கும். காலனி வீட்டுக்கு என்ன பத்திரம் இருக்கிறது? தொகுப்பு வீட்டுக்குப் பட்டா இருந்தாலும் அதை அடமானமாக வாங்க வங்கி மேலாளர் தயங்குகிறார். பஞ்சமி நிலம் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. எஞ்சியிருப்பது அம்மாவின் தோடும் அக்காவின் திருமணத்துக்குச் சேர்த்த இரண்டு சவரனும்தான். அதை அடகு வைத்து மான்செஸ்டர் போகிற துணிச்சல் எத்தனை பிள்ளைக்கு வரும்?

முதல் சம்பளத்துக்காக ஒரு வீடே காத்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம், தங்கையின் நர்சிங் படிப்பு, அப்பா வாங்கிய கடன், ஒழுகுகிற கூரை. படித்து முடித்த மறுமாதமே பணம் அனுப்ப வேண்டியவரால் இன்னும் இரண்டு வருடம் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்ல முடியாது. ஆகவே நம் பிள்ளைகளில் பலருக்குப் போவதா இருப்பதா என்பது ஒரு முடிவாக முன்னால் வந்து நிற்பதே இல்லை. அந்தக் கேள்வி அவர்களைக் கேட்காமலேயே பதில் சொல்லப்பட்டுவிடுகிறது.

இருப்பதற்கும் காரணம் உண்டு

இப்படிச் சொல்வதால், இருப்பவர்கள் எல்லாரும் வேறு வழியின்றி இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை.

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் 2010 வரை மாநில அரசின் சுகாதாரத் துறை நடத்தும் மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டுதான் விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் வந்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டணம்தான் வேண்டும் என்று மாணவர்கள் ஐம்பது நாளுக்கும் மேல் போராடிய பிறகு, 2021 தொடக்கத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டது. லட்சங்களில் இருந்த கட்டணம் ஆயிரங்களுக்கு இறங்கியது. கல்லூரி ஊருக்குப் பக்கத்தில் வந்தால் என்ன ஆகிறது? ஊர்ப்பிள்ளை படிக்கிறது. ஊர்ப்பிள்ளை படித்தால் ஊரில் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவரே கிராமத்தில் வேலை செய்யத் தயங்காதவர் என்பது பல நாடுகளில் பார்த்து உறுதி செய்யப்பட்ட செய்தி.

அரசுப் பணிக்கு வேறு ஒரு கவர்ச்சியும் உண்டு. உதவி மருத்துவர் பணியின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. பணி நியமனத்தில் பட்டியலினத்தவருக்கு 18 விழுக்காடு உண்டு. அதில் 3 விழுக்காடு அருந்ததியருக்கு. அந்த உள்ஒதுக்கீடு செல்லும் என்பதை 2024 ஆகஸ்ட் 1-ல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வின் தீர்ப்பும் உறுதி செய்துவிட்டது. அரசுப் பணியில் இருப்பவருக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்த அந்த 50 விழுக்காட்டு முறை 2017-ல் பறிபோனது. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த பிறகு மீண்டு வந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டு வேலை பார்த்தவர் பிறகு சிறப்பு மருத்துவராக வளரலாம் என்ற பாதை அது. கையில் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாதை வேறு இல்லை.

தனியார் துறையில் அப்படி ஒரு வாசல் நமக்கு இல்லை. சொந்தமாக கிளினிக் வைக்கலாம் என்றால், ஊரின் கடைத்தெருவில் வாடகைக்கு இடம் தருவார்களா? தந்தாலும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காமல் தருவார்களா? பெரிய மருத்துவமனையில் சேரலாம் என்றால் அங்கே பங்குதாரராக வளர முதல் வேண்டும், உறவு வேண்டும். ஆகவே தலித் மருத்துவருக்கு அரசு மருத்துவமனை என்பது வேலை மட்டும் அல்ல. சாதி பார்த்து வெளியே நிறுத்த முடியாத ஒரே பெரிய கட்டடம் அது.

மருத்துவம் நமக்குப் புதிதும் அல்ல. கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்களில் நாவிதர் வீட்டு மருத்துவச்சிகளும் சேரிப் பெண்களும் ஏராளம். தொப்புள்கொடி அறுத்த அந்தக் கை அடுப்படிக்குள் வரக் கூடாது என்று விலக்கியும் வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். சென்னை தாம்பரத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வைத்தியம் நம்மிடம் இருந்தது. பட்டமும் நாற்காலியும்தான் மறுக்கப்பட்டன. இன்று காலனியிலிருந்து போன பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக உட்கார, ஊர்த்தெருவிலிருந்து வருகிறவர் எழுந்து நின்று "அம்மா, காய்ச்சலுங்க" என்று கையை நீட்டுகிறார். நாடி பார்க்கத் தொட வேண்டும். அந்தத் தொடுதல் ஒரு நாளில் நூறு முறை நடக்கிறது. எத்தனை மேடைப் பேச்சு அதற்கு ஈடாகும்?

இருப்பவரை விரட்டுவது எது?

இவ்வளவு காரணம் இருந்தும், இருக்க நினைப்பவரே மனம் வெறுத்துக் கிளம்பும்படி நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

முதலாவது, கல்லூரிக்குள் இருக்கும் சாதி. எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி விசாரிக்க 2006-ல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. விடுதியில் ஒதுக்கிவைத்தல், ஆசிரியர்களின் பாராமுகம், மதிப்பெண்ணில் பாகுபாடு என்று அந்தக் குழு 2007-ல் பட்டியலிட்டது. 2019 மே மாதம் மும்பையில் முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர். சீனியர் மருத்துவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்பது வழக்கு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். "உன் ரேங்க் எத்தனை?" என்ற கேள்வி இங்கே மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுவதில்லை. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

இரண்டாவது, வேலை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும் வேகத்துக்கும் படித்து வெளியே வருகிறவர்களின் எண்ணிக்கைக்கும் பொருத்தம் இல்லை. நிரந்தரப் பணி வரும்வரை தொகுப்பூதியம், ஒப்பந்தம் என்று காலம் கழிகிறது. ஒப்பந்தப் பணி என்ற பெயரில் எடுக்கும் இடங்களில் இனச் சுழற்சி முறையாகப் பின்பற்றப்படுகிறதா என்று கேட்க ஆள் இல்லை. பணியில் இருப்பவர்களுக்கும் குறை உண்டு. காலமுறை ஊதிய உயர்வு தொடர்பான அரசாணை 354-ஐச் செயல்படுத்தக் கோரி 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலாக இடமாறுதல் உத்தரவுகள் வந்தன. ஆண்டுகள் போன பிறகும் அந்தக் கோரிக்கை அரசு மருத்துவர்களின் பட்டியலில் இருக்கிறது.

மூன்றாவது, தங்குமிடம். இது சின்ன விஷயம்போலத் தெரியும். கிராமத்து சுகாதார நிலையங்கள் பலவற்றில் மருத்துவர் குடியிருப்பு இல்லை, இருந்தாலும் பூட்டிக் கிடக்கிறது. வேறு சாதி மருத்துவர் ஊருக்குள் வீடு பிடித்துக்கொள்வார். நம்மவருக்கு ஊருக்குள் வீடு கிடைப்பது எளிதல்ல. தினமும் நகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து போவார். உடனே, "டாக்டர் ஊரில் தங்குவதே இல்லை" என்று புகார் எழுதப்படும்.

அம்பேத்கரின் வாழ்க்கையில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913-ல் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்து வந்து பத்து ஆண்டு பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற 1917-ல் திரும்பி வந்தார். பரோடாவில் அவருக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அலுவலகத்தில் கடைநிலை ஊழியரும் அவர் மேசை மீது கோப்பைத் தூர நின்று வீசினார். சில நாளிலேயே கண்ணீரோடு மும்பைக்கு ரயில் ஏறினார். பத்தாண்டு ஒப்பந்தம் முறிந்தது. முறித்தவர் அம்பேத்கரா, அவருக்குத் தங்க ஓர் அறை தராத பரோடாவா?

முதுநிலை மருத்துவம் படிப்பவர்களிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் அரசுகள் இந்தக் கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பத்திரம் ஆளைப் பிடித்துவைக்கும். அவரை மனத்தோடு இருக்கவைப்பது வீடும் மரியாதையும்தான்.

போகிறவரைத் திட்டலாமா?

இந்தப் பத்தியின் வாசகர்களில் சிலர் வேறு ஒரு முடிவுக்கு வரக்கூடும். "சமூகம் தூக்கிவிட்டது, ஆகவே தலித் டாக்டர் வெளிநாடு போகவே கூடாது" என்று. அம்பேத்கர் 1956 மார்ச்சில் ஆக்ராவில் படித்தவர்களைப் பற்றி வருந்திப் பேசியதையும் எடுத்துக்காட்டுவார்கள்.

அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அதை ஒரு பக்கம் மட்டும் சுமத்துவது நியாயம் அல்ல. கோடி ரூபாய் கட்டித் தனியார் கல்லூரியில் படித்தவர் டல்லாஸுக்குப் போனால் அது திறமை. எய்ம்ஸில் மக்கள் பணத்தில் படித்த பொதுப் பிரிவு மாணவர் போனால் அது நாட்டுக்குப் பெருமை. சேரிப் பிள்ளை போனால் மட்டும் துரோகமா? தியாகம் செய்யும் கடமையையும் நமக்கு மட்டும் ஒதுக்கிவைத்தால், அதுவும் ஒரு சாதி வேலைப்பிரிவினைதான். அம்பேத்கரே கடல் கடந்து போய்ப் படித்தவர்தான். போகாமல் இருந்திருந்தால் நமக்கு அந்த அம்பேத்கர் கிடைத்திருப்பாரா?

போகிறவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும். விமானம் ஏறினால் சாதி விட்டுவிடும் என்பது முழு உண்மை அல்ல. சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சட்டம் போட்டது. ஏன் போட வேண்டியிருந்தது? அங்கேயும் சாதி போய்ச் சேர்ந்துவிட்டதால்தான். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்துவிட்டார். பிரிட்டனில் சமத்துவச் சட்டத்துக்குள் சாதியைக் கொண்டுவரும் முயற்சியை அந்நாட்டு அரசு 2018-ல் கைவிட்டது. அங்கே வெள்ளைக்கார நோயாளி சாதி கேட்க மாட்டார், உண்மை. பக்கத்து அறை இந்திய மருத்துவர் கேட்பார்.

இன்னொரு வகைப் பயணமும் இருக்கிறது. நீட் மதிப்பெண் போதாமல், இங்கே தனியார் கல்லூரிக் கட்டணமும் கட்ட முடியாமல், ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று எம்.பி.பி.எஸ். படிக்கவே கிளம்புவது. 2022-ல் உக்ரைன் போரில் சிக்கித் திரும்பிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். பாதியில் நின்ற படிப்புக்கு அவர்கள் பட்ட பாடும் தெரியும். இப்போது நம் காலனிகளுக்கும் ஏஜென்டுகள் வரத் தொடங்கிவிட்டார்கள். நிலத்தை விற்றுப் பணம் கட்டும் முன் பெற்றோர் சிலவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் படிக்கப் போகிறவரும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், ஓராண்டுப் பயிற்சியை அதே நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும், அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதியைத் தரும் பட்டமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடைக்காது. திரும்பி வந்து எழுதும் தகுதித் தேர்வில் பெரும்பாலும் ஐந்தில் ஒருவர் அல்லது நான்கில் ஒருவர்தான் தேறுகிறார். ஏஜென்ட் காட்டும் வண்ணத் தாளில் இந்தக் கணக்கு இருக்காது.

அரசு செய்ய வேண்டியது

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1,176 மதிப்பெண் எடுத்தவர். 2017-ல் நீட் அவரை வாசலிலேயே நிறுத்தியது. நாம் அவரை இழந்தோம். போவதா இருப்பதா என்ற கேள்விக்கு முன்னால் உள்ளே நுழைவது என்ற கேள்வி இருக்கிறது என்பதை அவர் பெயர் எப்போதும் நினைவூட்டும். 7.5 விழுக்காடு அந்த வாசலைக் கொஞ்சம் திறந்தது. அவர்களுடைய கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்றதும் நல்ல செயல். அடுத்த கட்டத்துக்கு அரசு இன்னும் தயாராகவில்லை.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கல்வியாண்டு முடிந்த பிறகு வருவதில் பயன் இல்லை. சேரும்போதே வர வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் என்ற வரம்பு இன்றைய விலைவாசிக்குப் பொருந்தாது. அதை உயர்த்த வேண்டும்.

ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் முதுநிலை நீட் பயிற்சியை இலவசமாக, பணி நேரம் பாதிக்காமல் நடத்த வேண்டும். பயிற்சி நிறுவனங்களுக்குக் கட்டும் பணம் நம் பிள்ளைகளிடம் இல்லை. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி முதல் ஆண்டிலிருந்தே வேண்டும். தமிழ் வழியில் படித்துவந்தவர் முதல் ஆறு மாதத்தில் தடுமாறுவது அறிவுக் குறைவினால் அல்ல என்பதைப் பேராசிரியர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

சாதிப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் குழு பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கக் கூடாது. அதில் பட்டியலின, பழங்குடிப் பேராசிரியர்களும் வெளியிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை என்று வெளியிட வேண்டும்.

காலிப் பணியிடங்களை ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் நிரந்தரமாக நிரப்ப வேண்டும். எந்தத் துறையில் எத்தனை இடம், இனச் சுழற்சியில் யாருக்கு எத்தனை, பின்னடைவு எத்தனை என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் கட்டும் திட்டத்திலேயே மருத்துவர் குடியிருப்பும் சேர வேண்டும்.

வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கப் பட்டியலின மாணவர்களுக்கு ஒன்றிய, மாநில அரசுகளின் உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் எழுதும் உரிமத் தேர்வுகளுக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் உதவி கிடைக்கும்படி அவற்றை விரிவாக்க வேண்டும். பிணை கேட்காமல் தாட்கோ வழியாகக் கடன் தரலாம். போக விரும்புகிறவர் போய்க் கற்று வரட்டும். திரும்பி வருகிறவருக்கு இங்கே ஒரு பணியிடம் காத்திருக்கும் என்று உறுதி சொன்னால் பலர் திரும்புவார்கள்.

மாணவர்களுக்கு

இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்களுக்கும், மருத்துவம் படிக்க நினைக்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் சில வார்த்தை. எல்லா வழிகளையும் முதல் ஆண்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதுநிலை நீட், அரசுப் பணி, பணியில் இருப்போருக்கான ஒதுக்கீடு, வெளிநாட்டுத் தேர்வுகள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, எதற்கு எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன் படித்த அண்ணன் அக்காக்களைத் தேடிப்போய்க் கேளுங்கள். அவர்களும் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பணக்கார வீட்டில் சித்தப்பா செய்கிற வேலையை நம்மிடையே சீனியர்கள்தான் செய்ய முடியும்.

இருப்பது என்று முடிவெடுத்தால் தலை நிமிர்ந்து இருங்கள். போவது என்று முடிவெடுத்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் போங்கள். போன இடத்திலிருந்து உங்கள் விடுதியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினாலும் அது பெரிய உதவி.

2020-ல் சேர்ந்த அணி வெளியே வந்துகொண்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் இந்த மாவட்டத்துச் சுகாதார நிலையங்களில் உட்காரப் போகிறார்கள் என்பது அவர்கள் மனத்தை மட்டும் பொறுத்தது அல்ல. பணியாணை, தங்க வீடு, முதுநிலைப் படிப்புக்கு ஒரு வழி ஆகிய மூன்றையும் இந்த ஆண்டே கொடுத்தால் பெரும்பாலோர் இங்கேயே இருப்பார்கள். கொடுக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது. கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது.